இடது காலுக்குச் சொல்லவில்லை

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள்.
தர்மத்துக்குச் சொன்னது.
அம்மாபேட்டையில், மூன்றாவது மாடியில்,
நான்கு தலையணைகளை வளைவாக அடுக்கி
அதையே டிரம்ஸுக்குப் பழகிக்கொண்டிருந்தேன்,
இரண்டரை வருஷமாக.

வலது கை தகதிமி.
இடது கால் தகிட.
பன்னிரண்டு முடிந்ததும் இரண்டும் ஒன்றாக விழ வேண்டும்.
வலது கால், தோன்றிய இடத்தில் ஓர் உதை.
இடது கை பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி,
கூப்பிட்டால் வராது.

எட்டில்தான் எப்போதும் சண்டை.
இடது கால் வலது கையைப் பார்த்துவிடும்.
பார்த்ததும் அதன் பின்னால் ஓடும்,
போஸ் மைதானத்துப் பொருட்காட்சியில்
யாரோ ஒருவர் சட்டையை
அப்பாவுடையதென்று பிடித்துக்கொண்ட குழந்தை போல.

கீழே ஞானவேலுவின் விசைத்தறி இரவெல்லாம் ஓடும்.
எத்தனை உறுப்பு அதற்கு! ஒரே மோட்டார்.
பொறாமையாக இருக்கும்.
கரண்ட் போனால் மட்டும்
அத்தனையும் ஒரே நேரத்தில் சாகும்.

பகலில் நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள்.
ஒரு கையில் கருவி, ஒரு கையில் குடை,
கண் மீட்டரில், காது நாயின் மேல்,
"போன தடவை இவ்வளவு வரலையே" என்பதற்கு
வாய் தன்பாட்டுக்குப் பதில் சொல்லும்.
யாரும் கைதட்டியதில்லை.

ஏற்காட்டில் கோடை விழா.
மூன்றாவது பாட்டு, இரண்டாவது சரணம்.
பகோடா பாயிண்ட் பக்கம் ஒரு மின்னல்,
அவ்வளவுதான்.
பெனடிக்டின் கிதார் வெறும் கம்பியானது.
கலாபன் வாயைத் திறந்து திறந்து மூடினான்,
குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை.
ஷம்ஷீர் திரும்பி என்னைப் பார்த்தான்.
எல்லோரும் பார்த்தார்கள்.
"உங்க ஆபீஸ்தானே!"

எனக்கு பியூஸ் போடத் தெரியாது. கணக்குதான் தெரியும்.
நிறுத்தியிருக்கலாம்.
இடது கால் நிறுத்தவில்லை,
கரண்ட் போனது அதற்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.

தகிட.
மேடைமேல் பனி ஏறி ஹை-ஹேட்டை மூடியிருந்தது.
தகிட.
வலது கை ரைடுக்குப் போனது, நாலு நாலாக.
ஐந்து, ஆறு, ஏழு
எட்டு
எட்டு போய்விட்டது.
இருட்டில் யார் சட்டையும் தெரியவில்லை போலிருக்கிறது.
பன்னிரண்டு முடிந்து
எல்லோரும் ஒரே படியில் கால் வைத்தோம்,
மரப்பலகை அதிர்ந்து முன்வரிசைக் குழந்தை ஒன்று அழுதது.
மறுசுற்றில் அந்தப் பையன் வந்தான், கூப்பிடாமலே,
ஸ்நேரில் கடுகு தாளிப்பது மாதிரி.
ஒரு குச்சி நழுவி எங்கேயோ போனது.
டாமை உள்ளங்கையால் அறைந்தேன்.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால்,
நம்பமாட்டீர்கள்,
ஊருக்குப் போய்ச் சேரும்போது
தட்டுவடை செட் கடை மூடியிருப்பானா
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
அவ்வளவு காலி.
நாலு பேரும் வேலைக்குப் போன வீட்டில்
மதியம் தனியாக நிற்பது போல.

ஏழு நிமிஷம்.
பதிவேட்டில் அப்படித்தான் எழுதுவார்கள்.
விளக்கு வந்ததும் பெனடிக்ட் தப்பான இடத்தில் நுழைந்து
முதல் அடி எங்கே என்று
என் முகத்தில் தேடினான்.
முகத்துக்கு எப்படித் தெரியும்?

இறங்கும்போது வேனில் எல்லோரும் தூக்கம்.
பதினாறாவது கொண்டை ஊசி, பதினைந்தாவது.
கீழே சேலம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது
யூனிட் யூனிட்டாக.
ஷம்ஷீரின் கிதார் பைமேல்
என் இடது கால் இன்னும்
தகிட, தகிட.

நான் பார்க்காத மாதிரி
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.